சேமிப்புப் பரப்பு வலையமைப்பில் வலயம் வகுத்தல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – க.பொ.த. (சாதாரண தரம்)
கணினி வலையமைப்பு அலகுக்கான துணைப்பாடம்



ஆளி, சேவையகம், வலையமைப்பு இடத்தியல், பதினறும எண் ஆகியவற்றை நீங்கள் தனித்தனிப் பாடங்களாகக் கற்றுள்ளீர்கள். பதினறும எண்ணைப் படிக்கும்போது "இது எதற்குப் பயன்படும்?" என்று வகுப்பில் கேட்காத மாணவர் குறைவு. இந்த நான்கும் ஒன்றுசேர்ந்து வேலை செய்யும் ஓர் இடத்தை இப்பாடத்தில் பார்க்கப் போகிறோம். அதுவே சேமிப்புப் பரப்பு வலையமைப்பு ஆகும். தொழிலில் உள்ளோர் இதனைச் சுருக்கமாகச் 'சான்' என்பர்.

இப்பெயர் உங்கள் பாடநூலில் தனி அலகாக இல்லை. ஆகவே இதனை மனனம் செய்ய வேண்டாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் வலையமைப்பைத் தந்து, "இங்கு தரவின் பாதுகாப்பை எவ்வாறு உறுதிப்படுத்தலாம்?" எனக் கேட்கும் கட்டமைப்பு வினாவுக்கு, "கடவுச்சொல் இடலாம், வைரசு எதிர்ப்பு மென்பொருள் நிறுவலாம்" என்ற இரண்டு வரிகளுக்கு அப்பால் எழுத விரும்பும் மாணவருக்கு இது உதவும்.

சான் என்றால் என்ன?

உங்கள் பாடசாலைக் கணினியின் வன்தட்டு அக்கணினியின் உள்ளேயே இருக்கிறது. அக்கணினி பழுதானால் உள்ளிருக்கும் தரவை எடுப்பது சிரமம். ஒரு கணினியின் வன்தட்டு நிரம்பி வழிய, பக்கத்துக் கணினியின் வன்தட்டு வெறுமையாகக் கிடக்கும். இடத்தைப் பகிர வழியில்லை. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் பெரிய வைத்தியசாலைகளும் இப்படி இயங்க முடியாது. அவர்கள் வன்தட்டுகளை எல்லாம் சேவையகங்களிலிருந்து வெளியே எடுத்து ஒரு பெரிய பெட்டியில் வைக்கிறார்கள். அதற்குச் சேமிப்பகம் என்று பெயர். சேவையகங்களையும் சேமிப்பகத்தையும் ஆளிகள் ஊடாக இணைக்கும் தனி வலையமைப்பே சான் ஆகும். பெரும்பாலும் இதில் ஒளியியல் நார் வடங்கள் பயன்படும். தரவைக் கொண்டுசெல்லும் நெறிமுறைக்கு ஃபைபர் சனல் என்று பெயர். அமெரிக்கத் தர நிறுவனம் இதனை 1994 இல் தரமாக ஏற்றது. ஆளிகளும் வடங்களும் சேர்ந்த முழு வலையையும் 'ஃபேப்ரிக்' என்பர். துணி என்பது அதன் பொருள். நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடித் துணியாவது போல என நினைவிற் கொள்க.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு கணினியிலுள்ள கோப்புறையைப் பிற கணினிகளோடு பகிரும்போது, மற்றக் கணினிகள் கோப்பைக் கேட்கின்றன. கோப்பு இருக்கும் கணினிதான் அதனை எடுத்துக் கொடுக்கிறது. ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்த முனைந்தால் அக்கணினி நடுவராக நின்று ஒருவரைத் தடுக்கும். சானில் அவ்வாறான நடுவர் இல்லை. அங்கே சேவையகத்துக்குக் கோப்பு கொடுக்கப்படுவதில்லை, வெறும் வன்தட்டே கொடுக்கப்படுகிறது. அது 50 மீற்றர் தொலைவில் வேறோர் அறையில் இருந்தாலும், சேவையகத்தின் பணிசெயல் முறைமை அதனைத் தன் வயிற்றுக்குள் இருக்கும் வன்தட்டு என்றே நம்பும். இந்த நம்பிக்கைதான் சானின் பலம். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது.

எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்தால்...

ஒரு கடையின் கணக்குக் கொப்பியை இரண்டு பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. மற்றவர் ஒருவர் இருக்கிறார் என்பதே இருவருக்கும் தெரியாது. 40 ஆம் பக்கம் வெறுமை என்று ஒருவர் தன் மனதில் குறித்து வைத்திருக்கிறார். அதற்குள் மற்றவர் அங்கே எழுதிவிடுகிறார். முதலாமவர் வந்து, திறந்து பார்க்காமலே அதன்மேல் எழுதுகிறார். மாத முடிவில் அந்தக் கொப்பியை வாசிக்க எவராலும் முடியாது. இருவரில் எவரும் கள்வர் அல்லர். இருவரும் தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

இரண்டு சேவையகங்கள் ஒரே வன்தட்டைத் தம்முடையது என நம்பி எழுதினால் நடப்பது இதுவே. வன்தட்டின் எந்தப் பகுதி நிரம்பியுள்ளது, எது வெறுமை என்ற அட்டவணையைப் பணிசெயல் முறைமை தன் நினைவகத்தில் வைத்திருக்கும். மற்றச் சேவையகம் செய்த மாற்றம் அதற்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவாக ஒரே வன்தட்டைத் தரும் ஏற்பாடுகளும் உள்ளன. ஆனால் அவற்றுக்கென விசேட மென்பொருள் வேண்டும். சாதாரண சேவையகங்களுக்கு அது பொருந்தாது.

விண்டோஸ் என்.டி. காலத்துச் சேவையகங்கள் இதில் பெயர்பெற்றவை. கண்ணிற் படும் வன்தட்டுகள் எல்லாம் தமக்கே உரியவை எனக் கொண்டு அவற்றில் தம் அடையாளக் குறியை எழுத முனைவது அவற்றின் இயல்பு. பக்கத்தில் வேறொரு பணிசெயல் முறைமையின் வன்தட்டு இருந்தால் அதன் தொடக்கப் பகுதி அழிந்துவிடும். இன்றைய பணிசெயல் முறைமைகள் அவ்வளவு அவசரப்படுவதில்லை. ஆனால் அவையும் "புதிய வன்தட்டு ஒன்று காணப்படுகிறது, தயார் செய்யவா?" என்று கேட்கும். இரவு 11 மணிக்குக் களைத்துப்போயிருக்கும் ஒரு தொழினுட்பவியலாளர் "ஆம்" என்று அழுத்திவிட்டால் கதை ஒன்றே.

ஆகவே கேள்வி "கள்வனை எப்படித் தடுப்பது?" என்பது மட்டுமன்று. நல்ல சேவையகம் ஒன்று, தான் பார்க்க வேண்டாததைப் பார்க்காதபடி செய்வது எவ்வாறு என்பதே முதலாவது கேள்வி. வலயம் வகுத்தல் அதற்கான விடையாகும்.

வலயம் என்றால் என்ன?

இச்சொல் உங்களுக்குப் புதிதன்று. உங்கள் பாடசாலை கல்குடா கல்வி வலயத்தில் இருக்கிறது. உங்களுக்கு வரும் சுற்றுநிருபம் வேறு வலயப் பாடசாலைக்குப் போகாது. இன்னும் நெருக்கமான உதாரணம் நம் கடற்கரையில் உண்டு. கரைவலை இழுப்பதைப் பார்க்காத பிள்ளை கதிரவெளியில் இருக்க முடியாது. ஒவ்வொரு கரைவலைக்கும் கரையில் ஒரு 'பாடு' உண்டு. அந்தப் பாட்டின் எல்லைக்குள்தான் அந்த வலையை வளைக்கலாம். கடல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தும் ஏன் இந்த ஏற்பாடு? ஒரே இடத்தில் இரண்டு வலைகளை வளைத்தால் ஒன்றோடொன்று சிக்கும். இரண்டு வலையும் கிழியும், இருவருக்கும் மீன் இல்லை. பாடு என்பது யாரையும் தண்டிக்க வகுத்ததன்று. எல்லோருக்கும் தொழில் நடக்க வேண்டும் என்று, வலை கடலில் இறங்குமுன்னரே பேசி வகுத்தது.

சானில் வலயம் என்பது ஆளியில் எழுதி வைக்கப்படும் ஒரு சிறு பெயர்ப்பட்டியல் ஆகும். ஒரே பட்டியலில் உள்ளவை மட்டுமே ஒன்றையொன்று காணலாம், பேசலாம். பட்டியலில் இல்லாதவை ஒரே ஆளியில், அடுத்தடுத்த துறையில் செருகப்பட்டிருந்தாலும் ஒன்றுக்கொன்று இல்லாதவையே. ஒரு சாதனம் ஒன்றுக்கு மேற்பட்ட வலயங்களில் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். சேமிப்பகம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

பட்டியலில் எந்தப் பெயரை எழுதுவது?

இங்கேதான் உங்கள் பதினறும எண் வருகிறது. சானில் இணைக்கப்படும் ஒவ்வொரு அட்டையின் துறைக்கும் உற்பத்தியாளர் ஒரு நிலையான பெயரை இட்டிருப்பார். அதற்கு உலகளாவிய பெயர் என்று பெயர். உதாரணமாக அது 10:00:00:00:12:34:56:78 என்பது போல எழுதப்படும். எண்ணிப் பாருங்கள், 16 பதினறும இலக்கங்கள். ஒவ்வொரு பதினறும இலக்கமும் 4 பிற்றுகள். ஆகவே 16 × 4 = 64 பிற்றுகள், அதாவது 8 பைற்றுகள். நீங்கள் அறிந்த மக் முகவரியில் 12 பதினறும இலக்கங்கள், 48 பிற்றுகள். அதன் மூத்த சகோதரன் எனக் கொள்ளலாம். உதாரணத்தில் இலக்கங்கள் மட்டுமே வந்துள்ளன. உண்மையான பெயர்களில் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் வரும்.

ஒரு குறிப்பு: முழு அட்டைக்கும் ஒரு பெயர், அதன் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பெயர் என இருவகைப் பெயர்கள் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வலயத்தில் எழுத வேண்டியது துறையின் பெயர். ஓர் இலக்க வித்தியாசத்தில் மற்றையதை எழுதிவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்கள் இத்தொழிலில் பலர்.

உலகளாவிய பெயரை எழுதலாம், அல்லது "2 ஆம் ஆளியின் 5 ஆம் துறை" என்று இடத்தையும் எழுதலாம். இரண்டில் எது நல்லது?

மாடு வளர்ப்போர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். பட்டியில் நிற்கும் மாடெல்லாம் என்னுடையது என்பது ஒரு முறை. என் குறி சுட்ட மாடு எந்தப் பட்டியில் நின்றாலும் என்னுடையது என்பது மற்றொரு முறை. துறையை எழுதுவது முதலாவது. அந்தத் துறையில் யார் வந்து வடத்தைச் செருகினாலும் அவருக்கு அனுமதி கிடைக்கும். உலகளாவிய பெயரை எழுதுவது இரண்டாவது. வடத்தைக் கழற்றி வேறு துறையில் செருகினாலும் அனுமதி அச்சாதனத்தோடு கூடவே போகும்.

இரண்டிலும் நன்மையும் தீமையும் உண்டு. அட்டை பழுதாகிப் புதிய அட்டை போட்டால் அதன் உலகளாவிய பெயர் வேறு. ஆகவே வலயத்தைத் திருத்த வேண்டும். துறை முறையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வடங்களைச் சீர்செய்யும்போது இரண்டை மாற்றிச் செருகிவிட்டால், துறை முறையில் ஒருவருடைய வன்தட்டு மற்றவருக்குப் போய்விடும். அட்டை மாற்றுவது எப்போதோ ஒருமுறை, அதுவும் தெரிந்தே செய்வது. வடம் மாறுவது தெரியாமல் நடப்பது. தெரியாமல் நடக்கும் பிழைக்கே நாம் அதிகம் அஞ்ச வேண்டும் என்பதால் உலகளாவிய பெயரை எழுதும் முறையே என் பார்வையில் மேலானது. இன்று பெரும்பாலானோர் பின்பற்றுவதும் அதுவே.

வலயத்தை ஆளி நடைமுறைப்படுத்துவதிலும் இரு வகை உண்டு. மென் வலயத்தில் "யார் யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு ஆளி பதிலை மறைக்கும், அவ்வளவே. முகவரியை எப்படியோ அறிந்தவர் போய்ச் சேரலாம். வன் வலயத்தில் ஆளியின் வன்பொருளே ஒவ்வொரு தரவுச் சட்டத்தையும் சோதித்து, பட்டியலில் இல்லாததைக் கைவிடும். வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றுவதற்கும் படலைக்குப் பூட்டுப் போடுவதற்கும் உள்ள வேறுபாடு. உலகளாவிய பெயரை எழுதினால் மென் வலயம், துறையை எழுதினால் வன் வலயம் என்று சில பழைய குறிப்புகளில் காணலாம். அது தொடக்க கால ஆளிகளுக்கே பொருந்தும். இன்றைய ஆளிகள் இரண்டையும் வன்பொருளிலேயே சோதிக்கின்றன.

திட்டமிடுவோம்

கற்பனையாக ஒரு மாவட்ட வைத்தியசாலையை எடுத்துக்கொள்வோம். அங்கே நோயாளர் பதிவு, ஆய்வுகூடம், சம்பளம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு சேவையகம் உண்டு. நாளாந்தம் காப்புப்பிரதி எடுக்க நான்காவதாகக் காப்புச் சேவையகம் உண்டு. தரவு இருப்பது பிரதான சேமிப்பகத்தில். காப்புப்பிரதிகள் இருப்பது காப்புச் சேமிப்பகத்தில். மொத்தம் 6 சாதனங்கள்.

ஆளியைத் தொடுமுன் தாளை எடுக்க வேண்டும். யார் யாரோடு பேச வேண்டும் என்பதை முதலில் எழுதுவோம். நான்கு சேவையகங்களும் பிரதான சேமிப்பகத்தோடு பேச வேண்டும். இவை 4 இணைப்புகள். காப்புச் சேவையகம் காப்புச் சேமிப்பகத்தோடும் பேச வேண்டும். இது இன்னொன்று. ஆக 5.

இப்போது சோம்பேறித்தனமான வழியைப் பார்ப்போம். ஆறையும் ஒரே வலயத்தில் போட்டால் என்ன? முழு இணைப்பு இடத்தியலுக்கு நீங்கள் படித்த சூத்திரம் இங்கே உதவும். n சாதனங்களுக்கு n(n – 1)/2 சோடிகள். n = 6 எனின், 6 × 5 ÷ 2 = 15. நமக்கு வேண்டியவை 5. வேண்டாத 10 கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறோம்.

அந்த 10 எவை என்று பாருங்கள். சேவையகத்துக்கும் சேவையகத்துக்கும் இடையே 6. இரண்டு சேமிப்பகங்களுக்கும் இடையே 1. மீதி 3, நோயாளர் பதிவு, ஆய்வுகூடம், சம்பளம் ஆகிய சேவையகங்கள் காப்புச் சேமிப்பகத்தை நேரே பார்ப்பவை. இந்த மூன்றும்தான் மிக ஆபத்தானவை. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

சேவையகங்கள் ஒன்றையொன்று பார்த்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஒரு வலயத்தில் ஒரு சாதனம் புதிதாக வந்தாலோ, விலகினாலோ, மீளத் தொடங்கினாலோ அவ்வலயத்தின் மற்ற உறுப்பினர்களுக்கு ஆளி அறிவித்தல் அனுப்பும். அறிவித்தல் வந்ததும் ஒவ்வொன்றும் தன் வேலைக்கு நடுவே நிமிர்ந்து பார்த்துச் சரிபிழை தேடும். சம்பளச் சேவையகத்தை மீளத் தொடங்கியதற்காக ஆய்வுகூடச் சேவையகம் ஏன் இடையூறுபட வேண்டும்? வகுப்பில் ஒருவர் கதவைத் திறந்தால் 40 பேரும் திரும்பிப் பார்ப்பது போன்றது இது.

ஆகவே நல்ல விதி: ஒரு வலயத்தில் ஒரு சேவையக அட்டையும் அது பேச வேண்டிய ஒரு சேமிப்பகத் துறையும் மட்டும். தொழிலில் சேவையக அட்டையைத் தொடக்கி என்றும் சேமிப்பகத் துறையை இலக்கு என்றும் கூறுவர். உரையாடலைத் தொடங்குவது சேவையகமே என்பதால் இப்பெயர். ஒரு தொடக்கி, ஓர் இலக்கு. இதனால் வலயங்களின் எண்ணிக்கை கூடும் என்பது உண்மைதான். பெரிய நிறுவனமெனில் எழுத்து வேலை அதிகம். ஆனால் ஒவ்வொரு வலயத்தையும் வாசித்தவுடனே அது எதற்கு என்று விளங்கும்.

பெயரிடுதலும் அதற்காகவே. 'வலயம் 1', 'வலயம் 2', 'புதிய வலயம்', 'சோதனை' என்று பெயர் வைப்போர் உண்டு. ஆறு மாதம் கழித்து அதை வைத்தவருக்கே விளங்காது. 'ஆய்வுகூடம்_அட்டை1_பிரதானம்1' என்று வைத்தால் எவரும் வாசிக்கலாம். 16 இலக்கப் பெயரை ஒவ்வொரு முறையும் எழுதாமல், ஒரு தடவை 'ஆய்வுகூடம்_அட்டை1' என்ற மாற்றுப்பெயரைக் கொடுத்துவிட்டு அதையே பயன்படுத்தும் வசதியும் ஆளிகளில் உண்டு.

இரண்டு பாதைகள்

கதிரவெளியிலிருந்து வெளியே போக ஏ15 வீதியில் இரு திசைகள் உண்டு. வடக்கே வெருகல் வழியாக மூதூர், தெற்கே வாகரை, பனிச்சங்கேணி வழியாக வாழைச்சேனை. வெள்ளம் வந்து ஒரு பக்கம் தடைப்பட்டால் மற்றப் பக்கத்தால் போகலாம் என்ற எண்ணமே ஒரு தைரியம். சானையும் அவ்வாறே அமைக்க வேண்டும். தனித்தனி ஆளிகளைக் கொண்ட இரண்டு ஃபேப்ரிக்குகள், அ எனவும் ஆ எனவும் கொள்வோம். ஒவ்வொரு சேவையகத்திலும் இரண்டு அட்டைகள். ஒன்று அ வுக்கு, மற்றையது ஆ வுக்கு. சேமிப்பகங்களுக்கும் அப்படியே. நம் வைத்தியசாலையில் ஒவ்வொரு ஃபேப்ரிக்கிலும் 5 வலயங்கள், மொத்தம் 10. இரு பாதையாலும் வரும் ஒரே வன்தட்டைச் சேவையகம் இரண்டு வன்தட்டுகள் என்று எண்ணிக் குழம்பாதிருக்கப் பல்பாதை மென்பொருள் தேவை.

அ வையும் ஆ வையும் ஒன்றோடொன்று வடத்தால் இணைக்கக் கூடாது. "இணைத்தால் இன்னும் பலம் அல்லவா?" என்று தோன்றும். இல்லை. வலயப் பட்டியல்களின் முழுத் தொகுதி ஒரு ஃபேப்ரிக்கின் எல்லா ஆளிகளுக்கும் பொதுவானது. ஒரு நேரத்தில் ஒரு தொகுதி மட்டுமே செயற்படும். ஓர் ஆளியில் செய்த மாற்றம் எல்லா ஆளிகளுக்கும் பரவும், பிழையும் அவ்வாறே பரவும். இரண்டும் பிரிந்திருந்தால் அ வில் விட்ட பிழை ஆ வைத் தொடாது.

இதிலிருந்து மாற்றம் செய்யும் ஒழுங்கும் தானே வருகிறது. முதலில் இப்போதுள்ள பட்டியலின் பிரதியை எடுத்து வைக்க வேண்டும். பின்னர் அ வில் மட்டும் மாற்றத்தைச் செய்து, எல்லாச் சேவையகங்களும் தத்தம் வன்தட்டுகளை இன்னும் காண்கின்றனவா என்று பொறுத்திருந்து பார்க்க வேண்டும். அதன் பின்னரே ஆ. இரண்டிலும் ஒரே மூச்சில் மாற்றம் செய்பவர், தன்னிடமிருந்த இரண்டு பாதைகளையும் தானே ஒரு பாதையாக்கிக் கொள்கிறார்.

வலயம் எதுவும் எழுதப்படாத நிலையில் ஆளி என்ன செய்யும் என்பதையும் பார்த்து வைக்க வேண்டும். சிலவற்றில் எல்லோரும் எல்லோரையும் காணலாம் என்றே இருக்கும். அதனை 'எவரும் எவரையும் காண முடியாது' என்று மாற்றிவிட்டே வேலையைத் தொடங்குவது புத்தி.

வலயம் மட்டும் போதுமா?

போதாது. வலயம் துறைக்கும் துறைக்கும் இடையிலான அனுமதி. பிரதான சேமிப்பகத்தின் ஒரே துறைக்குப் பின்னால் மூன்று பிரிவுகளின் வன்தட்டுப் பங்குகளும் இருக்கின்றன. ஆய்வுகூடச் சேவையகம் அத்துறையை அடைந்தபின் சம்பளப் பங்கையும் காணாதபடி சேமிப்பகத்திலேயே இன்னொரு பட்டியல் வேண்டும். இதனை மறைப்பிடல் எனலாம். வலயம் பாடசாலை வளவின் படலை என்றால் மறைப்பிடல் வகுப்பறைக் கதவு. காப்புச் சேவையகம் பிரதான சேமிப்பகத்தை அடையும்போது, அதற்கு வாசிக்க மட்டும் அனுமதி கொடுப்பதும் இக்கதவில்தான் செய்யப்படும்.

காப்புப்பிரதியும் வலயமும்

வேண்டாத மூன்று கதவுகள் பற்றி முன்னர் சொன்னேன். இப்போது நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றைப் பாருங்கள். 2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்க முகில் எனப்படும் அரசின் கணினிச் சேவை, கப்பம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. இத்தகைய தீம்பொருள் கோப்புகளை மறைகுறியாக்கிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும். அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்கள் பயன்படுத்திய சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. முறைமையைச் சில மணித்தியாலங்களில் மீள இயக்கினார்கள். ஆனால் 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு மீட்கத்தக்க காப்புப்பிரதி இருக்கவில்லை. இணைப்பிலேயே இருந்த காப்புப்பிரதியும் தாக்குதலில் சிக்கிக்கொண்டது. தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் இதனைப் பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டது.

அது வலயப் பிழையால் நிகழ்ந்தது என்று நான் கூறவில்லை. அவ்வாறு விடைத்தாளில் எழுதவும் வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது, தாக்கப்படும் இடத்திலிருந்து காப்புப்பிரதிக்கு நேரான பாதை இருந்தால் அதுவும் கூடவே போய்விடும் என்பதை. நம் வைத்தியசாலையில் சம்பளச் சேவையகத்தைத் தீம்பொருள் பிடித்தால், அது தன் கண்ணிற் படும் வன்தட்டுகளை எல்லாம் மறைகுறியாக்கும். 15 சோடிகள் திறந்த பெரிய வலயத்தில் காப்புச் சேமிப்பகமும் அதன் கண்ணிற் படும். ஐந்து வலயத் திட்டத்தில் அது சம்பளச் சேவையகத்துக்கு இல்லாத ஒரு பொருள்.

ஆயினும் காப்புச் சேவையகத்தையே தீம்பொருள் பிடித்துவிட்டால் வலயம் காப்பாற்றாது. அதன் கதவு திறந்துதானே இருக்கிறது. அதற்காகவே எந்த வடத்திலும் இணைக்கப்படாத, வேறோர் இடத்தில் வைத்த பிரதி ஒன்றும் வேண்டும் என்கிறார்கள். இதனை நம் வாகரைப் பிரதேசத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் 2006 இன் இடப்பெயர்விலும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் ஒரே பெட்டியில் வைத்திருந்து ஒன்றாக இழந்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. பிறப்பைப் பதிந்த பதிவேடு வேறோர் அலுவலகத்தில் இருந்ததால்தான் சான்றிதழை மீண்டும் எடுக்க முடிந்தது. காணி உறுதியின் பிரதி எங்கும் இல்லாதவர்கள் பட்ட பாட்டை வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 50:06 என்ற பதினறும இலக்கங்களை இரும எண்ணில் எழுதுக.
விடை: 0101 0000 0000 0110. ஒவ்வோர் இலக்கத்துக்கும் நான்கு பிற்றுகள் எழுத வேண்டும். முன்னால் வரும் பூச்சியங்களை விட்டால் புள்ளி குறையும்.

2. மேற்படி வைத்தியசாலையில் எக்ஸ் கதிர்ப் படங்களுக்கென இன்னொரு சேவையகம் சேர்க்கப்படுகிறது. அது பிரதான சேமிப்பகத்தை மட்டும் பயன்படுத்தும். (அ) எல்லாவற்றையும் ஒரே வலயத்தில் இட்டால் ஒரு ஃபேப்ரிக்கில் எத்தனை சோடிகள்? (ஆ) ஒரு தொடக்கி, ஓர் இலக்கு விதிப்படி இரு ஃபேப்ரிக்கிலும் மொத்தம் எத்தனை வலயங்கள்?
விடை: (அ) 7 × 6 ÷ 2 = 21. (ஆ) ஒன்றில் 6, இரண்டிலும் 12. சாதனம் ஒன்று கூடியபோது வேண்டிய வலயம் ஒன்றுதான் கூடியது, வேண்டாத சோடிகள் 10 இலிருந்து 15 ஆகிவிட்டன என்பதையும் சேர்த்து எழுதினால் பரீட்சகர் மகிழ்வார்.

3. "சேவையகங்கள் அனைத்துக்கும் கடவுச்சொல் இருப்பதால் வலயம் தேவையில்லை" என்னும் கூற்றைப் பற்றி உமது கருத்து யாது?
விடைக் குறிப்பு: கடவுச்சொல் தடுப்பது அனுமதியற்ற மனிதரை. சேவையகத்தின் பணிசெயல் முறைமை வன்தட்டைத் தன்னுடையதாகக் கருதி எழுதுவதற்கு எவருடைய கடவுச்சொல்லையும் கேட்பதில்லை. மேலே கூறிய கணக்குக் கொப்பி உதாரணத்தை உமது சொந்த நடையில் எழுதலாம்.

4. ஆய்வுகூடச் சேவையகத்தில் அ ஃபேப்ரிக்குக்குச் செல்லும் அட்டை பழுதாகி, அதே துறையில் புதிய அட்டை இணைக்கப்படுகிறது. வலயங்கள் உலகளாவிய பெயரால் எழுதப்பட்டிருப்பின் எத்தனை வலயங்களைத் திருத்த வேண்டும்? அதுவரை ஆய்வுகூடத்தின் வேலை நிற்குமா?
விடை: அ வில் ஒரேயொரு வலயம். மாற்றுப்பெயர் பயன்படுத்தியிருந்தால் அந்த மாற்றுப்பெயருக்குரிய 16 இலக்கங்களை மட்டும் மாற்றி, திருத்திய தொகுதியை மீளச் செயற்படுத்தினால் போதும். பழைய அட்டையின் பெயரை நீக்க மறக்கக் கூடாது. சேமிப்பகத்தின் மறைப்பிடல் பட்டியலிலும் அதே மாற்றம் தேவை. வேலை நிற்காது. ஆ ஃபேப்ரிக்கின் பாதை அதுவரை இயங்கும்.